ஒரு கதிரையும் இரு நண்பரும்

சதுரங்கம் பயிலும் பிள்ளைகளின் பெற்றோர், ஆசிரியரைக் காணுமிடத்துத் தவறாது கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. "துரித ஆட்டங்களிலே பிள்ளையை விடலாமோ, மாஸ்டர்? அவசரப் புத்தி வந்துவிடாதோ?" என்பதே அது. கேள்வி நியாயமானதே. ஆற அமர இருந்து யோசிப்பதற்கென்றே ஏற்பட்ட விளையாட்டு சதுரங்கம் என்ற எண்ணம் நம்மவர் மனத்தில் ஊறிப்போன ஒன்று. அத்தகைய ஆட்டத்தைப் பதினைந்து நிமிடத்தில் முடித்துவிட்டு எழும்பு என்று பத்து வயதுப் பாலகனுக்குச் சொல்வது, பதிகம் முழுவதையும் ஒரே மூச்சிற் பாடி முடி என்று சொல்வது போலத் தோன்றக்கூடும்.

இக்கேள்விக்கு நேராக விடை சொல்லப் புகுமுன், 2023 ஆம் ஆண்டு ஓகஸ்ட் 17 ஆம் திகதி அசர்பைஜான் தேசத்தின் தலைநகராகிய பாகூவில் இரு இளைஞர் ஒருவரோடொருவர் ஆடிய துரித ஆட்டங்களின் கதையை வாசக நேயர்களுக்குச் சொல்ல விரும்புகின்றேன். அவர்களுள் ஒருவர் சென்னையைச் சேர்ந்த தமிழர். மற்றவர் தெலுங்கு நாட்டவர். இருவரும் நண்பர்கள். அன்று அவர்கள் ஆடியது ஒரே ஒரு கதிரைக்காக.

அதற்கும் முன்னே ஆட்டத்தின் விதிகள் சிலவற்றைச் சொல்லி வைத்தல் நலம். அறிந்தவர்கள் அடுத்த பந்தியைத் தாண்டிச் செல்லலாம்.

பலகையின் அருகே இரட்டை முகங் கொண்ட மணிக்கூடு ஒன்று இருக்கும். காயை நகர்த்தியவர் அதன் பொத்தானை அழுத்தியதும் அவருடைய நேரம் நின்று எதிரியின் நேரம் ஓடத் தொடங்கும். ஒருவருக்குரிய மொத்த நேரம் பத்து நிமிடத்துக்கு மேலும் அறுபது நிமிடத்துக்குக் கீழும் அமைந்தால் அது துரித ஆட்டம். பத்து நிமிடமோ அதனிற் குறைந்தோ அமைந்தால் அது மின்னல் ஆட்டம். உலகச் சதுரங்கச் சம்மேளனம் இவ்வாறு வகுத்துள்ளது. உலகத் துரித ஆட்டப் போட்டியில் ஆளுக்குப் பதினைந்து நிமிடம் கொடுக்கப்படுகின்றது. அதனோடு நகர்வு ஒவ்வொன்றுக்கும் பத்து விநாடி கூட்டப்படும். எட்டு வயதுக்குட்பட்டோர் தொடக்கம் பதினெட்டு வயதுக்குட்பட்டோர் வரை, இவ்விரண்டு வயதாகப் பிரித்துச் சிறுவர்க்கும் உலக அளவில் துரித ஆட்டப் போட்டிகள் நடைபெறுகின்றன. நீண்ட ஆட்டத்தில் ஒவ்வொரு நகர்வையும் தாளில் எழுதியாக வேண்டும். துரித ஆட்டத்தில் அக்கடமை இல்லை. ஆயினும் தொட்ட காயை ஆடியே தீரவேண்டும் என்ற விதிக்கு அங்கும் விலக்கில்லை. எந்தக் கையாற் காயை நகர்த்தினாரோ அந்தக் கையாலேயே மணிக்கூட்டையும் அழுத்தவேண்டும். விதிக்கு மாறான நகர்வொன்றைச் செய்தவரின் எதிரிக்கு இரண்டு நிமிடம் மேலதிகமாக வழங்கப்படும். இரண்டாம் முறை செய்தால் ஆட்டமே பறிபோகும். நேரம் முடிந்துவிட்டதோ, பலகையிலே எத்துணைப் படைபலம் இருந்தாலும் பயனில்லை. எதிரியிடம் அரசனை மடக்கத்தக்க காய் எஞ்சியிருக்குமாயின் தோல்விதான்.

இவ்விதிகளைப் படிக்கையில் எளியனவாகத் தோன்றும். பிள்ளைகளின் கையில் அவை என்ன பாடுபடுகின்றன என்பதை, மாணவரை அழைத்துக்கொண்டு பாடசாலைப் போட்டிகளுக்குச் செல்லும் ஆசிரியர்களைக் கேட்டால் தெரியும். பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் ஆடிக்கொண்டிருப்பான். எதிரியைக் காட்டிலும் அவனிடம் ஒரு கோட்டை மிகுதியாக இருக்கும். எதிர்ப்பக்கத்து அரசன் மூலையில் ஒடுங்கிக் கிடப்பான். அவ்வேளையிலே நமது பையனுக்கு ஓர் ஆசை பிறக்கும்: வெறுமனே வெல்லாமல் அழகாக வெல்லவேண்டும் என்று. கன்னத்தில் கை வைத்து யோசிப்பான். மணிக்கூட்டுக்கு அவன் ஆசை தெரியுமா? நாற்பது விநாடி இருபதாகும், இருபது பத்தாகும். திடுக்கிட்டுக் கையை நீட்டுவான். கை தொட்டது தொடத்தகாத காயாக இருக்கும். தொட்ட பின் என் செய்வது? அரைமணி நேரத்து உழைப்பும் அரைக் கணத்திற் போய்விடும்.

மண்டபத்துக்கு வெளியே, யன்னல் வழியாகப் பார்க்க முயன்று காவலரால் விலக்கப்பட்ட தகப்பனார் நிற்பார். பையன் கண்ணீரை அடக்கிக்கொண்டு வெளியே வருவான். "இப்போது எத்தனை புள்ளி?" என்பதே அவர் வாயிலிருந்து வரும் முதல் வார்த்தை. துரித ஆட்டத்தால் பிள்ளைகளுக்குக் கேடு வருமென்று அஞ்சுகிறவர்கள், இந்த ஒரு கேள்வியாற் பிள்ளைக்கு வரும் கேட்டையும் சிறிது எண்ணிப் பார்க்கலாம்.

நிற்க. பாகூவுக்கு வருவோம். அங்கு நடைபெற்றது உலகக் கிண்ணச் சதுரங்கப் போட்டி. ஆடவர் பிரிவில் 206 பேர் கலந்துகொண்டனர். தோற்றவர் வெளியேற வேண்டும் என்பது போட்டியின் முறை. இருவர் சந்தித்தால் முதல் இரு நாளும் நாளுக்கொன்றாக இரு நீண்ட ஆட்டங்கள். அவை சமமாக முடிந்தால் மூன்றாம் நாள் துரித ஆட்டம். அதிலேதான் சோதனை படிப்படியாக வளரும். முதலில் ஆளுக்கு இருபத்தைந்து நிமிடமாக இரு ஆட்டங்கள்; அப்பொழுதும் சமமானால் பத்து நிமிடமாக இரண்டு; அதற்கு மேலும் சமமானால் ஐந்து நிமிடமாக இரண்டு; பின்னர் மூன்று நிமிட ஆட்டம், ஒருவர் வெல்லும் வரை. நகர்வுக்கு நகர்வு சில விநாடி கூட்டிக் கொடுக்கிறார்கள் என்பது உண்மையே. இருந்தாலும், இருக்கும் அறையின் சுவர்கள் நான்கும் மெல்ல மெல்ல நெருங்கி வருவது போன்றதோர் ஏற்பாடு அது.

காலிறுதிக்கு வந்த எண்மருள் நால்வர் இந்தியர். அந்நால்வருள் இருவர் ஒருவரையொருவர் சந்திக்க நேர்ந்தது. சென்னைப் பிள்ளை ரமேஷ்பாபு பிரக்ஞானந்தா. ஏழு நாளைக்கு முன்புதான் பதினெட்டு வயது நிறைந்தவர். மற்றவர் தெலுங்கானாவின் வாரங்கல் நகரத்து அர்ஜுன் எரிகைசி. அவருக்கு வயது பத்தொன்பது. இருவரும் கிராண்ட்மாஸ்டர் பட்டம் பெற்றது ஒரே ஆண்டில், 2018 இல். அப்பொழுது ஒருவருக்குப் பன்னிரண்டு வயது, மற்றவருக்குப் பதினான்கு.

இங்கே பிரக்ஞானந்தாவின் இல்லத்தைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். இது குடும்பப் பகுதி அல்லவா? தகப்பனார் கூட்டுறவு வங்கி உத்தியோகத்தர். மூத்த பெண் வைஷாலி தொலைக்காட்சியின் முன்னே எந்நேரமும் அமர்ந்திருக்கக் கண்டு, அப்பழக்கத்தை மாற்றுவதற்காக அவளைச் சதுரங்க வகுப்பிலே சேர்த்தனர். தம்பி தமக்கையைப் பார்த்து ஆடத் தொடங்கினான். 2013 ஆம் ஆண்டிலே எட்டு வயதுக்குட்பட்டோருக்கான உலகப் பட்டத்தையும் 2015 ஆம் ஆண்டிலே பத்து வயதுக்குட்பட்டோருக்கான உலகப் பட்டத்தையும் அவன் வென்றான். தொலைக்காட்சியை நிறுத்துவதற்குச் செய்த உபாயம் எங்கே கொண்டுபோய் விட்டது பாருங்கள். தமக்கையும் பின்னர் கிராண்ட்மாஸ்டர் ஆனார். உலகிலே அக்காளும் தம்பியுமாக அப்பட்டத்தைப் பெற்றவர்கள் வேறு எவருமில்லை.

தகப்பனார் இளம்பிள்ளை வாதத்தால் பாதிக்கப்பட்டவர். ஊரூராக அலைவது அவருக்கு எளிதன்று. எனவே பிள்ளைகளோடு தேசாந்தரம் போவது தாயார் நாகலட்சுமி அம்மையாரின் பொறுப்பாயிற்று. மின்சாரத்திற் சோறு வடிக்கும் பாத்திரமும், அரிசியும், ரசத்துக்கு வேண்டிய பொடிகளும் அவருடைய பெட்டியிலே தவறாது போகும். அந்நிய தேசத்து விடுதி அறையிலே இரவு சோறும் ரசமும் ஆக்கிப் பிள்ளைக்கு இட்டுவிட்டு, மறுநாள் போட்டி மண்டபத்தின் ஓரத்திலே ஒரு கதிரையில் அமைதியாக அமர்ந்திருப்பார். பலகையில் நிகழும் நுட்பங்களை விளங்கிக்கொள்ளுமளவுக்கு அவர் ஆட்டம் கற்றவரல்லர். "எத்தனை புள்ளி?" என்று கேட்கும் தகப்பன்மாரை எண்ணும்போதெல்லாம் இந்த அம்மையாரின் நினைவும் எனக்கு உடன் வருவதுண்டு.

பரீட்சையைப் பற்றியும் கேட்பீர்கள். 2022 ஆம் ஆண்டு மே மாதம் கணினி வழியாக நடைபெற்ற துரித ஆட்டப் போட்டியொன்றில், ஒல்லாந்து நாட்டு வீரர் அனிஷ் கிரியை அரையிறுதியில் வென்று பிரக்ஞானந்தா எழும்பியபோது இந்திய நேரம் நள்ளிரவு கடந்து இரண்டு மணி. அன்று காலையிலே பாடசாலையில் அவருக்குப் பதினோராம் வகுப்புப் பரீட்சை. எழுதத்தான் போனார். அதற்கு மூன்று மாதம் முன்புதான் துரித ஆட்டமொன்றிலே உலக வீரர் மக்னஸ் கார்ல்சனை அவர் வென்றிருந்தார். ஆசிரியன் என்ற முறையில் இரண்டு மணி வரை விழித்திருந்து பரீட்சைக்குப் போவதை நான் எவருக்கும் சிபாரிசு செய்யேன். செய்தியைச் செய்தியாகவே சொல்கிறேன்.

பாகூவிலே அந்தக் காலிறுதிக்கு ஏன் அத்துணைப் பெறுமதி? உலக வீரருக்குச் சவால் விடுக்கும் உரிமை யாருக்கு என்பதை எண்மர் கூடி ஆடித் தீர்க்கும் போட்டி ஒன்றுண்டு; அதனை அபேட்சகர் போட்டி என்பர். அடுத்த அபேட்சகர் போட்டி 2024 ஏப்பிரலில் கனடாவின் ரொறன்ரோ நகரில் நடைபெறவிருந்தது. உலகக் கிண்ணத்தில் முதல் மூன்று இடம் பெறுவோர்க்கு அங்கே மூன்று கதிரைகள் ஒதுக்கப்பட்டிருந்தன. கார்ல்சனோ உலகப் பட்டத்துக்காக இனி ஆடுவதில்லையென்று விலகிக்கொண்டவர், அரையிறுதிக்கும் வந்துவிட்டவர். ஆகவே அரையிறுதிக்கு வரும் ஏனைய மூவருக்கும் ரொறன்ரோவில் இடம் உண்டென்பது ஏறத்தாழ உறுதி. பிரக்ஞானந்தாவும் அர்ஜுனும் ஆடியது இக்கதிரைகளுள் ஒன்றுக்காகவே. அதில் இருவர் இருக்க இயலாது.

நீண்ட ஆட்டம் இரண்டில் முதலாவதை அர்ஜுன் வென்றார். மறுநாள் தோற்றாலும் சமனாக ஆடினாலும் வெளியேற வேண்டிய நிலையில் பிரக்ஞானந்தா வென்றார். மூன்றாம் நாள் துரித ஆட்டம். இருபத்தைந்து நிமிட ஆட்டங்கள் இரண்டும் முடிந்தன, சமம். பத்து நிமிட ஆட்டங்கள் இரண்டும் முடிந்தன, சமம். ஐந்து நிமிட ஆட்டங்களும் அவ்வாறே. எட்டு ஆட்டங்கள் ஆடியும் ஒருவரையொருவர் மிஞ்சவில்லை. ஒன்பதாவது மூன்று நிமிட ஆட்டம். அதிலே பிரக்ஞானந்தா வென்றார். முடிவு ஐந்துக்கு நான்கு.

அந்த ஒன்பதாவது ஆட்டத்தின் நகர்வுகளை இங்கே விரித்துரைக்க நான் எண்ணவில்லை. மூன்று நிமிட ஆட்டத்தை மூன்று நாள் ஆராய்வது, வாணத்தைப் பிரித்து வெடிமருந்தை எண்ணுவது போன்ற வேலை. கவனிக்க வேண்டியது வேறு. காலை நேரத்துத் தெளிவோடு இருபத்தைந்து நிமிட ஆட்டம் ஆடுவது பெரிதன்று. ஆறு ஆட்டம் ஆடிக் களைத்து, வென்றதும் தோற்றதும் மாறி மாறி மனத்தை அலைக்கழித்த பின்னர், எதிரே இருப்பவன் தோழன் என்பதும் தெரிந்திருக்க, ஏழாவது ஆட்டத்துக்குக் காய்களை மீண்டும் வரிசையாக அடுக்கி வைக்கும் அந்த ஓரிரு நிமிடம் இருக்கின்றதே, அதுதான் பெரிது. சற்று முன்னே இழந்த ஆட்டத்தைப் பலகையினின்றும் எடுத்ததுபோல மனத்தினின்றும் எடுத்துவிட வேண்டும். நமது பையன்கள் பலர் இரண்டாம் சுற்றிலே தோற்பது முதலாம் சுற்றைச் சுமந்துகொண்டு போய் உட்காருவதால்தான்.

ஆட்டம் முடிந்ததும் செய்தியாளர் பிரக்ஞானந்தாவைச் சூழ்ந்துகொண்டனர். அவ்வேளையிலே தாயார் சற்றுத் தள்ளியிருந்து மகன் பேசுவதைப் பார்த்துப் பூரித்து நிற்கும் புகைப்படம் உலகெங்கும் பரவிற்று. நேயர்களிற் பலர் அதனைக் கண்டிருப்பீர்கள். அன்று தோற்ற பிள்ளையைப் படம் பிடித்தவர் உண்டோ இல்லையோ, அப்படி ஒரு படத்தைச் சுவரில் ஒட்டியவரை நான் காணவில்லை.

இனி, அவசரப் புத்தி பற்றிய கேள்விக்கு வருவோம். துரித ஆட்டத்தை வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு, ஆடுகிறவனின் மூளை மின்விசிறி போலச் சுழலுவதாகத் தோன்றும். 1973 ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் கார்ணகி மெலன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்லியம் சேஸ், ஹேர்பேர்ட் சைமன் என்னும் இரு அறிஞர்கள் வெளியிட்ட ஆய்வொன்று இதற்கு நல்ல விளக்கம் தருகின்றது. மெய்யாக நடைபெற்ற ஆட்டத்தின் இடைநிலை ஒன்றை ஐந்து விநாடி மாத்திரம் காட்டிப் பின் மறைத்து, காய்களை நினைவிலிருந்து அடுக்கச் சொன்னார்கள். தேர்ந்த வீரர் பெரும்பாலானவற்றைச் சரியாக அடுக்கினார். புதியவர் சிலவற்றையே அடுக்கினார். பின்னர் அதே எண்ணிக்கையான காய்களைக் கண்டபடி இறைத்துவைத்துக் காட்டினார்கள். தேர்ந்தவரும் புதியவரும் அப்போது ஏறத்தாழ ஒன்றுபோலவே தடுமாறினர். ஆகவே வீரரின் கண் மற்றவர் கண்ணைவிடக் கூர்மையானதென்று சொல்வதற்கில்லை. முன்பு ஆயிரக்கணக்கான ஆட்டங்களில் ஆற அமர இருந்து கண்டு தெளிந்த அமைப்புக்களை அவர் இனங் கண்டுகொள்கிறார், அவ்வளவே. சட்டியில் இருந்தாற்றானே அகப்பையில் வரும்? துரித ஆட்டம் அகப்பை. நீண்ட ஆட்டமும், தோற்ற ஆட்டத்தை வீட்டிலே மீண்டும் அடுக்கிப் பார்ப்பதும், புத்தகமும் சேர்ந்தது சட்டி.

ஆதலால் எனது விடை இது. ஒரு பலகையின் முன்னே ஒரு மணி நேரம் அசையாது இருக்கப் பழகாத பிள்ளையைத் துரித ஆட்டத்துக்கு அனுப்ப வேண்டாம். பழகிய பிள்ளையைத் தாராளமாக அனுப்புங்கள். அனுப்பியபின் வாயிலில் நின்று விரல் மடிக்க வேண்டாம். இன்று கைத்தொலைபேசியிலே முன்பின் அறியாதவரோடு ஒரு நிமிட ஆட்டம், இரு நிமிட ஆட்டமென்று பிள்ளைகள் நாளெல்லாம் தட்டிக்கொண்டிருப்பதை நான் சதுரங்கப் பயிற்சி என்று ஒப்புக்கொள்ளேன். அது விரலுக்குப் பயிற்சி.

வேகம் குறைந்த பிள்ளையின் பெற்றோர் மனந் தளரவும் வேண்டியதில்லை. சென்னைப் பிள்ளையான குகேஷ், நீண்ட ஆட்டத்திலே பெற்ற பெயரைத் துரித ஆட்டத்திலே பெறாதவர் என்றே பலகாலம் சொல்லப்பட்டு வந்தார். 2024 டிசம்பர் 12 ஆம் திகதி சிங்கப்பூரிலே உலகப் பட்டத்துக்கான பதினான்காவது, கடைசி நீண்ட ஆட்டம். இருவருக்கும் சமபுள்ளி. அதுவும் சமமாக முடிந்தால் மறுநாள் துரித ஆட்டம். அதில் சீன நாட்டு வீரர் டிங் லிரெனின் கையே ஓங்கும் என்பது பலரது கணிப்பு. டிங்கும் சமநிலையை விரும்பியவராகவே ஆடினார். குகேஷோ ஒரே ஒரு காலாள் மிகுதியை வைத்துக்கொண்டு, விட்டுவிட மனமில்லாமல் ஆடிக்கொண்டே இருந்தார். ஐம்பத்தைந்தாம் நகர்விலே டிங் தமது கோட்டையை வைக்கத்தகாத கட்டத்தில் வைத்தார். பதினெட்டு வயதிலே குகேஷ் உலக வீரரானார். துரித ஆட்டத்துக்குப் போகாமலிருக்க வழி, நீண்ட ஆட்டத்தை இன்னும் நீட்டுவதே என்று அவர் கண்டார் போலும். மறு ஆண்டு யூலை மாதம் சாகிரெப் நகரத்துப் போட்டியில், துரித ஆட்டப் பகுதியிலும் அவரே முதலிடம் பெற்றார். ஆகையால் பதினைந்து வயதிலே ஒரு பிள்ளைக்கு "இவன் வேகம் போதாது" என்று முத்திரை குத்துவதும் அவசரப் புத்தியே.

பாகூவிலே ஒருவருக்குக் கிடைத்ததையும் மற்றவருக்குக் கிடையாமற் போனதையும் சொல்லாமல் விட்டால் கதை குறையாகிவிடும். பிரக்ஞானந்தா அரையிறுதியிலே அமெரிக்க வீரர் கருவானாவையும் துரித ஆட்டத்தில் வென்று இறுதிக்கு வந்தார். இறுதியிலே நீண்ட ஆட்டம் இரண்டும் சமமாகி, துரித ஆட்டத்திலே கார்ல்சனிடம் தோற்றார். ரொறன்ரோவுக்குத் தம்பியும் தமக்கையும் ஒருங்கே சென்றனர். ஆடவர் அபேட்சகர் போட்டியில் தம்பி, மகளிர் அபேட்சகர் போட்டியில் தமக்கை. தாயார் பெட்டியிலே அரிசி சற்று அதிகமாகவே வைத்திருப்பார்.

அர்ஜுன் ரொறன்ரோவுக்குப் போகவில்லை. அதே 2023 ஆம் ஆண்டு டிசம்பரில் சென்னையில் நடைபெற்ற போட்டியொன்றில் அவரும் குகேஷும் முதலிடத்துக்குச் சமபுள்ளி பெற்றனர். நுண்கணக்கிலே முதலிடம் குகேஷுக்குப் போயிற்று. குகேஷ் ரொறன்ரோவுக்குப் போக அது வழி திறந்தது. ரொறன்ரோவில் வென்றவரும் அவரே. நான்கே மாத இடைவெளியில் இரு தோழர் இரு வாசலால் உள்ளே போக, அர்ஜுன் இரண்டு வாசலிலும் நின்றவராயினார். 2024 டிசம்பர் மாதத்துத் தரப்பட்டியலிலே 2801 புள்ளி பெற்று, விஸ்வநாதன் ஆனந்துக்குப் பின் 2800 ஐத் தாண்டிய இரண்டாவது இந்தியரானார். 2025 நவம்பரிலே கோவாவில் நடைபெற்ற அடுத்த உலகக் கிண்ணத்தில் மீண்டும் காலிறுதி வரை வந்தார். மீண்டும் துரித ஆட்டம். சீன வீரர் வேய் யியிடம் தோற்றார். சிலருக்கு இப்படித்தான் நேர்கின்றது. இதற்கு இலக்கணம் வகுக்க என்னால் இயலவில்லை.

இவ்விரு தோல்விக்கும் இடையிலே, 2024 செப்டெம்பரில், ஹங்கேரி தேசத்துப் புடாபெஸ்ற் நகரில் சதுரங்க ஒலிம்பியாட் நடைபெற்றது. தேசத்துக்கொரு அணி, அணிக்கு நான்கு பலகை. நால்வரும் ஒரே பக்கத்தில் வரிசையாக அமர்ந்து ஆடவேண்டும். அவ்வேளை இந்திய அணியிலே தரப்புள்ளி மிகுந்தவர் அர்ஜுன். ஆனாலும் அணித் தலைவர் ஸ்ரீநாத் வகுத்த வரிசையில் முதற் பலகை குகேஷுக்கு, இரண்டாவது பிரக்ஞானந்தாவுக்கு, மூன்றாவது அர்ஜுனுக்கு. மூன்றாம் பலகையிலே பதினொரு ஆட்டங்களையும் தவறாது ஆடிப் பத்துப் புள்ளி எடுத்தார் அர்ஜுன். அப்பலகைக்குரிய பொற்பதக்கமும் அவருக்கே கிடைத்தது. இந்தியா முதன்முறையாக அவ்வொலிம்பியாட்டை வென்றது. அந்தப் போட்டியிலே பிரக்ஞானந்தாவுக்கு ஆட்டம் அவ்வளவாக அமையவில்லை. அவருக்கு அடுத்த கதிரையில் இருந்தவர் அர்ஜுன்.